அப்பா வேலை பார்த்த கப்பலின் மணியும் நான் இழந்த பணமும்

2023ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் ஒரு பித்தளை மணிக்காக ரூ.78,000 கொடுத்தேன். என் தந்தையார் 1956 முதல் 1959 வரை கொதிகலன் அறையில் வேலை பார்த்த ஐ.என்.எஸ். ராஜ்புத் என்னும் நாசகாரிக் கப்பலின் மணி அது என்று நம்பி வாங்கினேன். அது அந்தக் கப்பலின் மணி இல்லை என்று உறுதியாகத் தெரிந்துகொள்ள எனக்கு ஏழு மாதங்கள் பிடித்தன. போக்குவரத்து, தங்குமிடம், நகலெடுப்பு என்று மேலும் ரூ.19,400 செலவாயிற்று. சென்னையிலிருக்கும் தம்பியிடம்கூடச் சொல்ல மனம் வராமல், ஓய்வூதியத்திலிருந்து எடுத்த பணம் போயிற்றே என்ற வருத்தத்தோடு தனியாகவே அலைந்தேன். கடற்படையில் இருந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இந்தப் பக்கத்தில் பலர் உண்டு. அவர்களுக்கும் இப்படி ஓர் ஆசை வரலாம் என்பதால், நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

எங்கள் வீடு காரைக்குடியை அடுத்த ஒரு சிற்றூரில் இருக்கிறது. என் தாத்தா பர்மாவில் ஒரு செட்டியாரின் கடையில் கணக்குப்பிள்ளையாக இருந்து, 1942இல் ரங்கூன் விழுந்தபோது கால்நடையாக ஊர் திரும்பியவர். அப்பா 1953இல் பதினெட்டு வயதில் கடற்படையில் சேர்ந்து, பதினைந்து ஆண்டுகள் இருந்துவிட்டு 1968இல் வந்தார். முகப்பில் அவருடைய படம் ஒன்று மாட்டியிருக்கிறது. வெள்ளைச் சீருடை, வட்டத் தொப்பி, தொப்பியைச் சுற்றிய கறுப்பு நாடாவில் கப்பலின் பெயர். கப்பலைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை. ஆனால் வீட்டில் ஒரு மூடி பாத்திரத்தில் பொருந்தாமல் போனால், "ராதரம் குழாய்க்கு ராதரம் சாவிதான் சேரும்" என்பார். ராதரம் என்பது ஏதோ ஓர் அதிகாரியின் பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என்னவென்று ஒரு நாளும் கேட்கவில்லை. 2019இல் அவர் காலமானார்.

பழைய வீடுகளில் நிலை, தூண், ஊஞ்சல் பலகை, பீங்கான் என்று விலைக்கு எடுக்கும் தரகர்கள் எங்கள் பக்கத்துக்கு அடிக்கடி வருவார்கள் என்பது இங்குள்ள எல்லாருக்கும் தெரியும். அப்படி வந்த ஒருவர் இரண்டாம் கட்டிலிருந்த தேக்குப் பெட்டி ஒன்றைப் பார்த்தார். விலை படியவில்லை. போகும்போது முகப்பில் நின்று அப்பாவின் படத்தை வெகுநேரம் பார்த்து, "ஆச்சி, ஐயா நேவியில இருந்தாகளா?" என்று கேட்டு, கைபேசியில் படமும் எடுத்துக்கொண்டார். மரியாதைக்காக எடுக்கிறார் என்று நினைத்தேன். இரண்டு மாதம் கழித்து அவரே தொலைபேசியில் அழைத்து, "ஆச்சி, உங்க அப்பா கப்பலோட மணியே கெடைச்சிருக்கு, வேற யாருக்கும் காட்டல" என்றார். இப்போது நினைத்தால் எல்லாம் அங்கேயே தொடங்கிவிட்டது. நாம் தேடாத ஒரு பொருள், நம் வீட்டுச் சுவரிலுள்ள பெயரையே தாங்கிக்கொண்டு நம்மைத் தேடி வருகிறதென்றால், அந்தப் பெயரை விற்பவர் எங்கிருந்து எடுத்தார் என்பதை முதலில் யோசிக்க வேண்டும். எனக்கு அன்று அந்த யோசனையே வரவில்லை. அப்பாவே வந்து வாசலில் நிற்பதுபோல் இருந்தது.

மணி ஏறத்தாழ பதினான்கு கிலோ எடை. பச்சைக் களிம்பு படர்ந்து, பார்த்தால் பழைமையானதாகவே தோன்றியது. முன்பக்கம் ஆங்கில எழுத்துகளில் 'ஐ.என்.எஸ். ராஜ்புத்', அதன் கீழே '1942', அதற்கும் கீழே சிறியதாக, கப்பலின் அடையாள எண்ணாக, 'டி 51' என்று வெட்டப்பட்டிருந்தது. கூடவே, மஞ்சளடித்த தாளில் தட்டச்சு செய்த ஒரு கடிதம். ராஜ்புத் உடைக்கப்பட்டபோது குஜராத்தின் அலங் கடற்கரையிலுள்ள கப்பல் உடைக்கும் தளத்தில் 1977இல் இந்த மணி வாங்கப்பட்டது என்று அதில் இருந்தது. ரூ.95,000 கேட்டார். நான் குறைத்துக் கேட்க, ரூ.78,000க்குப் படிந்தது. ரூ.50,000 ரொக்கமாகவும் ரூ.28,000 ஜிபே வழியாகவும் கொடுத்தேன். ரசீது கேட்டதற்கு, "பழம்பொருளுக்கு யாரு ஆச்சி ரசீது போடுறா?" என்றார். மேலே வற்புறுத்தவில்லை. மணியை வளவில் ஊஞ்சல் வளையத்தில் தொங்கவிட்டு, முதல் முறை அடித்தபோது அழுதேன்.

முதல் ஐயம் புளியால் வந்தது. கார்த்திகைக்கு விளக்குகளைத் துலக்கியபோது மணியின் ஓரத்தையும் கொஞ்சம் புளி போட்டுத் தேய்த்தேன். பல ஆண்டுக் களிம்பு அவ்வளவு எளிதில் போகாது. எழுத்தின் பள்ளத்திலும் வளைவின் அடியிலும் ஒட்டிக்கொண்டு, மெல்ல மெல்லக் கறுத்துத்தான் விடும். இது வண்ணப்பூச்சு உரிவதுபோல ஒரே வில்லையாக வந்துவிட்டது. அடியில் புது மஞ்சள் பளிச்சென்று தெரிந்தது. எழுத்துகளின் மேல் விரலை ஓட்டினால் ஓரங்கள் நகத்தைக் கீறின. முப்பது ஆண்டுகளுக்கு மேல் மாலுமிகள் நாள்தோறும் துடைத்துப் பளபளப்பாக்கிய எழுத்தென்றால் ஓரம் மழுங்கியிருக்க வேண்டாமா? உள்பக்கம் அரத்தின் கோடுகள் புதிதாக இருந்தன. எங்களூர்ப் பாத்திரக்கடைக்காரரிடம் கொண்டுபோனேன். அவர் மணியின் நாக்கைப் பிடித்து ஒரு முறை அடித்துவிட்டு, இது மணிக்கு வார்க்கும் வெண்கலமே இல்லை, வெறும் பித்தளை, உருக்கினால் எட்டாயிரம் ரூபாய்கூடத் தேறாது என்று சொல்லிவிட்டார். வாங்கும் முன்பு அந்த ஐந்து நிமிடத்தைச் செலவிட்டிருந்தால் போதும். நம் ஊரில் வெண்கலத்துக்கும் பித்தளைக்கும் ஓசையை வைத்தே வித்தியாசம் சொல்லக்கூடியவர்கள் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள்.

உலோகத்தில் ஐயம் வந்தாலும், கப்பலில் பித்தளை மணியும் இருந்திருக்கலாமே என்று மனம் சமாதானம் தேடியது. பதற்றத்தில் நான் செய்த அடுத்த காரியம் விசாகப்பட்டினத்துக்குப் போனது. அங்கே கடற்கரையில் 1971 போரின் நினைவுச்சின்னம் இருக்கிறது, கீழைக் கடற்படைத் தலைமையகமும் அங்கேதான். யாரையாவது கேட்டால் தெரியும் என்று கிளம்பிவிட்டேன். நான்கு நாட்களும் ரூ.11,000க்கு மேலும் செலவாயின. முன் அனுமதியும் கடிதமும் இல்லாமல் போய் நின்றவளுக்கு யார் என்ன பதில் சொல்ல முடியும்? நினைவுச்சின்னத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். முதலில் எழுதிக் கேட்க வேண்டும், பதில் வந்த பிறகே பயணம் செய்ய வேண்டும் என்பதை அந்த ரயிலில் உட்கார்ந்துதான் உணர்ந்தேன்.

விடை தேவகோட்டையிலேயே இருந்தது. அப்பாவோடு கடற்படையிலிருந்த பெரியவர் ஒருவர் அங்கே இருக்கிறார் என்பது சிவகங்கையில் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போயிருந்தபோது தெரிந்தது. எண்பத்தெட்டு வயது, பார்வை குறைவு, நினைவு மட்டும் துல்லியம். மணியின் படத்தைக் கைபேசியில் பெரிதாக்கிக் காட்டினேன். "டி 51ஆ? அது நம்ம கப்பலே இல்லம்மா. நம்மது டி 141" என்றார். சிறிது நேரம் கழித்து, "1942ல ஏது ராஜ்புத்? அப்ப அது ராதரம்லம்மா" என்றார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அறுபது ஆண்டுகளாக எங்கள் வீட்டில் புழங்கிய சொல் அது. கப்பலின் பழைய பெயர் எச்.எம்.எஸ். ரோதர்ஹாம், அதைத்தான் மாலுமிகள் ஆங்கிலேயர் உச்சரிப்பிலேயே ராதரம் என்று சொல்லியிருக்கிறார்கள். பழைய பெயர் அடித்த திருகுச் சாவிகள் அவர்கள் காலத்திலும் இயந்திர அறையில் கிடந்தனவாம். அப்பாவின் பழமொழி அங்கிருந்து வந்திருக்கிறது.

அதன் பிறகு இரண்டு மாதம் உட்கார்ந்து அந்தக் கப்பலின் வாழ்க்கையைப் படித்தேன். ஸ்காட்லாந்தில் கிளைட்பேங்க் என்னும் ஊரில் ஜான் பிரவுன் கப்பல் கட்டும் தளத்தில் 1941 ஏப்ரலில் கட்டத் தொடங்கி, 1942 மார்ச் 21 அன்று நீரில் இறக்கியிருக்கிறார்கள். அந்தத் தேதியைப் பார்த்ததும் நெடுநேரம் அதிலேயே நின்றுவிட்டேன். ரங்கூன் ஜப்பானியரிடம் வீழ்ந்தது அதே மார்ச் 8ஆம் நாள். மகன் பின்னாளில் வேலை பார்க்கப்போகும் கப்பல் கடலைத் தொட்ட அந்த மாதத்தில், தாத்தா பர்மாவிலிருந்து உயிர்பிழைத்து வர வழி தேடிக்கொண்டிருந்தார். கப்பல் 1942 ஆகஸ்டில் பிரிட்டிஷ் கடற்படையில் சேர்ந்து, கிழக்குக் கடற்படையோடு இந்தியப் பெருங்கடலில் போரிட்டது. 1944 ஏப்ரலில் சுமத்ராவை ஒட்டிய சபாங் துறைமுகத்தைத் தாக்கச் சென்ற படையணியிலும் இருந்தது. 358 அடி நீளம், இரண்டு கொதிகலன்கள், நாற்பதாயிரம் குதிரைத்திறன், மணிக்கு 36 கடல் மைல் வேகம். அந்த இரண்டு கொதிகலன்களின் வெப்பத்தில்தான் அப்பா மூன்றாண்டுகள் நின்றிருக்கிறார்.

1949இல் சுதந்திர இந்தியா பிரிட்டனிடமிருந்து இதே வகுப்பைச் சேர்ந்த மூன்று கப்பல்களை வாங்கியது. ரோதர்ஹாம் ராஜ்புத் ஆயிற்று. ரெய்டர் ராணா ஆயிற்று. ரெடவுட் ரஞ்சித் ஆயிற்று. மூன்றுக்கும் முதலெழுத்து மாறாமலே புதுப்பெயர் வைத்திருக்கிறார்கள். இங்கே கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. வாங்கிய ஆண்டிலும்கூட அதற்கு ஐ.என்.எஸ். என்ற முன்னெழுத்து கிடையாது. 1950 ஜனவரி 26 அன்று குடியரசு ஆகும் வரை நம் கப்பல்கள் எச்.எம்.ஐ.எஸ்., அதாவது மன்னரின் இந்தியக் கப்பல், என்றே அழைக்கப்பட்டன. ஆகவே ஐ.என்.எஸ். என்பதும் 1942 என்பதும் ஒரே காலத்தில் வெட்டிய எழுத்துகளாக இருக்கவே முடியாது. உண்மையான மணியாக இருந்தால் அதில் ரோதர்ஹாம் என்று இருக்க வேண்டும், அல்லது பின்னாளில் இந்தியப் பெயரை வெட்டியதற்கான தடயம் இருக்க வேண்டும். கைமாறிய கப்பலின் பொருளை விற்க வருபவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, முந்தைய பெயர் என்ன, அந்தப் பெயர் இந்தப் பொருளில் எங்கே இருக்கிறது என்பதுதான். சில கப்பல்களுக்கு இரண்டு பெயரோடு முடிவதில்லை. 1953இல் நமக்கு வந்த கோதாவரி அதற்கு முன் பிரிட்டனில் பெடேல் என்றும், போரின்போது போலந்து கடற்படையில் ஷ்லான்சாக் என்றும் பெயர் தாங்கியது.

டி 51 எங்கிருந்து வந்தது என்பதும் விளங்கியது. பழைய ராஜ்புத் 1976இல் உடைக்கப்பட்ட பிறகு, அதே பெயரில் இன்னொரு கப்பல் வந்தது. அன்றைய சோவியத் ஒன்றியத்தின் உக்ரைனில், நிக்கலாயெவ் நகரில் கட்டப்பட்டு, 1980 மே 4 அன்று நம் கடற்படையில் சேர்ந்து, 2021 மே 21 அன்று விசாகப்பட்டினத்தில் ஓய்வு பெற்றது. அதன் எண்தான் டி 51. அது நமக்காகவே புதிதாகக் கட்டப்பட்டது. பழைய கப்பலோடு அதற்குப் பெயரைத் தவிர வேறு உறவு இல்லை. ராணா, ரஞ்சித் என்ற பெயர்களும் அப்படியே திரும்ப வந்திருக்கின்றன. தரகர் என் அப்பாவின் தொப்பி நாடாவில் பெயரை மட்டும் பார்த்திருக்கிறார். அதில் எண் கிடையாது. இணையத்தில் அந்தப் பெயரைத் தேடியதும் முன்னால் வந்து நின்ற புதுக்கப்பலின் எண்ணையும், வேறெங்கோ கண்ட பழைய கப்பலின் ஆண்டையும் சேர்த்து யாரோ வெட்டிக் கொடுத்திருக்கிறார்கள். கடற்படையில் பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். ஆகவே பெயரை மட்டும் வைத்து எதையும் உறுதி செய்யக் கூடாது. எண்ணையும், அந்தப் பெயர் எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை எந்தக் கப்பலுக்கு இருந்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

கடிதம் எளிதாகவே விழுந்தது. அலங் கடற்கரையில் கப்பல் உடைக்கத் தொடங்கியதே 1983 பிப்ரவரியில்தான். 1977இல் அங்கிருந்து ஒரு மணி வந்திருக்க வாய்ப்பே இல்லை. பழைய தாள், பழைய தட்டச்சு, பழுப்பேறிய ஓரம் ஆகியவற்றைக் கண்டு நான் மயங்கினேன். தாள் எவ்வளவு பழையது என்று பார்ப்பதைவிட, அதில் எழுதியிருக்கும் இடமும் தொழிலும் அந்த ஆண்டில் இருந்தனவா என்று பார்ப்பது எளிது, செலவில்லாதது.

விலையை ஏற்றிய கதை ஒன்றையும் சொல்ல வேண்டும். பாகிஸ்தானின் நீர்மூழ்கி காஜியை மூழ்கடித்த கப்பலின் மணி என்று அவர் மூன்று முறை சொன்னார். அந்தக் கதையின் அடிப்படை பொய்யன்று. 1971 டிசம்பர் 3ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி, விசாகப்பட்டினத்திலிருந்து புறப்பட்ட பழைய ராஜ்புத் ஆழ்நீர்க் குண்டுகளை வீசியது. காஜி அங்கேயே மூழ்கியது. அதிலிருந்த ஒருவரும் பிழைக்கவில்லை. அதற்கு முன்பே, விமானந்தாங்கி விக்ராந்த் அந்தமான் பக்கம் மறைந்திருக்க, ராஜ்புத்தை விக்ராந்த்போல் பாவனை செய்து வானொலிச் செய்திகளை அனுப்ப வைத்தவர், நாகர்கோவிலில் பிறந்த வைஸ் அட்மிரல் நீலகண்ட கிருஷ்ணன். பணியிலிருந்து விடுவிக்கக் காத்திருந்த, முப்பது வயதை நெருங்கிய கப்பல் அது. காஜி மூழ்கியது ராஜ்புத்தின் குண்டுகளாலா, அல்லது அதனுள்ளேயே நிகழ்ந்த வெடிப்பாலா என்பதில் இரு கருத்துகள் உண்டு. நண்பர் ஒருவரின் கடிதத்தில் இந்தச் செய்தி வந்தபோது அப்பா முகப்பில் உட்கார்ந்து, "நம்ம கிழவி சாதிச்சுட்டா" என்று சொன்னதை என் அம்மா அடிக்கடி நினைவுகூர்வார். தரகர் காஜி என்று சொன்னதும் எனக்கு அந்தக் குரல் கேட்டுவிட்டது. கப்பல் அந்தப் போரில் இருந்தது உண்மையாக இருப்பதாலேயே கையிலிருக்கும் பொருள் அந்தக் கப்பலுடையது ஆகிவிடாது. இரண்டையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். நான் முதலாவதை மட்டும் சரிபார்த்துவிட்டு இரண்டாவதையும் நம்பினேன்.

பணத்தைத் திரும்பக் கேட்கப் போனபோது கை நடுங்கியது. ஒரு பள்ளிக்கூட நோட்டில் ஆண்டுகளை வரிசையாக எழுதிக்கொண்டு போனேன். 1942 ரோதர்ஹாம், 1949 எச்.எம்.ஐ.எஸ்., 1950 ஐ.என்.எஸ்., 1976 உடைப்பு, 1980 டி 51, 1983 அலங். அவர் அதை இரண்டு முறை படித்தார். "எனக்குச் சொன்னதத்தான் ஆச்சி நான் உங்களுக்குச் சொன்னேன்" என்றார். அவரிடம் விற்றவர் யார் என்று மட்டும் சொல்லவில்லை. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். ஆனால் என் கையில் ரசீது இல்லை, ரூ.50,000க்கு எந்தத் தடயமும் இல்லை. ஜிபேயில் அனுப்பிய ரூ.28,000க்கு மட்டுமே சான்று இருந்தது. முழுத் தொகையையும் வங்கி வழியாகக் கொடுத்து, 'ராஜ்புத் டி 141, முன்னாள் ரோதர்ஹாம், அதன் மணி. இல்லையென்று தெரிந்தால் முழுப்பணமும் திரும்ப' என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தால் பேச்சு வேறாக இருந்திருக்கும். உண்மையான பொருளை விற்பவர் அந்த வரியில் கையெழுத்திடத் தயங்க மாட்டார். பேசிப் பேசி ரூ.40,000 திருப்பித் தருவதாக ஒப்புக்கொண்டார். மீதியை விட்டுவிடச் சம்மதித்தது எனக்கு இன்றும் உறுத்துகிறது. ஆனால் அதற்கு மேல் அலைய உடம்பில் தெம்பில்லை.

இவ்வளவுக்கும் பிறகு, நான் முதலிலேயே செய்திருக்க வேண்டியதைக் கடைசியில் செய்தேன். அப்பாவின் விடுவிப்புப் புத்தகத்திலிருந்த சேவை எண்ணையும் இறப்புச் சான்றையும் என் வாரிசுச் சான்றையும் இணைத்து, நல அலுவலகத்தின் வழிகாட்டலில், மும்பை மான்குர்தில் உள்ள கடற்படை மாலுமிகள் பதிவகத்துக்கு எழுதினேன். அஞ்சல் செலவு நூறு ரூபாய்க்குள். ஐந்து மாதத்தில் பதில் வந்தது. கப்பல்களின் பெயர்களும் சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் வரிசையாக இருந்தன. ராஜ்புத் மூன்றாவது வரியில் இருந்தது. உங்கள் வீட்டில் அப்படி ஒரு புத்தகம் இருந்தால் சேவை எண் உள்ள பக்கத்தை இன்றே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எங்களுடையதில் அந்தப் பக்கம் ஈரம் பட்டு, கடைசி இரண்டு எண்களைக் கண்ணாடி வைத்துத்தான் படிக்க முடிந்தது. அந்தப் பதிலைத் தேவகோட்டைக்குக் கொண்டுபோய் வாசித்துக் காட்டினேன். பெரியவர் மூன்றாவது வரியை இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார்.

தரகர் சித்திரையில் ரூ.20,000 கொடுத்தார், ஆடியில் ரூ.12,000 கொடுத்தார். மீதி ரூ.8,000ஐத் தை பிறந்ததும் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை மணி எங்கள் இரண்டாம் கட்டில், தேக்குப் பெட்டிக்குப் பக்கத்தில், சாக்கு போட்டு மூடியபடி இருக்கிறது.